கல்லுக்கு ஐம்பது நாடு

அக்டோபர் 13, திங்கள்: அஸ்வான்

இரவு ரயிலின் ஏ.சி. பெட்டியில் நடுங்கிக்கொண்டே வந்து, காலை பத்தரைக்கு அஸ்வானில் இறங்கினால் வெயில் செவிட்டில் அறைந்தது. அக்டோபர் பாதி ஆகிவிட்டது, இங்கே இன்னும் 38 டிகிரி. வியர்வையே தெரியவில்லை, வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. உதடு வெடித்ததுதான் மிச்சம்.

உடன் வந்தவர் அத்தான், அக்காவின் கணவர். தஞ்சைப் பக்கம் பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரமிடு பார்க்கத்தான் கிளம்பினோம். அவர் கிசாவில் அரை நாள் நின்றுவிட்டு, "கல்லு அடுக்கினது போதும் மாப்ளே, தண்ணிய எங்க நிறுத்தியிருக்கான்னு காட்டு" என்றார். அதனால்தான் தெற்கே கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர்.

ரயிலடிக்கு எதிரே ஒரு கடையில் காலைச் சாப்பாடு. ஃபூல் என்பது ஒரு வகைப் பெரிய மொச்சையை ராத்திரி முழுக்க அண்டாவில் வேகவைத்து, எண்ணெயும் சீரகமும் எலுமிச்சையும் விட்டு மசித்துத் தருவது. கூடவே அதே மொச்சையை அரைத்துப் பொரித்த தாமியா. வெளியே மொறுமொறு, உள்ளே கீரைப் பச்சை. மசால் வடையின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ரொட்டி, ஊறுகாய், தேநீர் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு 80 பவுண்டு. ஒரு எகிப்தியப் பவுண்டு நம் காசில் இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. கடைக்காரர் அத்தான் தட்டில் கேட்காமலேயே இன்னும் இரண்டு தாமியா வைத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. பத்தடி தள்ளி நைல் கரைக்குப் போனதும் கதை வேறு. பாய்மரப் படகுக்காரர்கள் "இந்தியா? அமிதாப் பச்சன்!" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு 600-ல் ஆரம்பித்த பேரம் 250-ல் நின்றது. அப்போதும் நாங்கள் ஏறவில்லை என்பதில் அவர்களுக்கு வருத்தம்.

மாலையில் நூபியா அருங்காட்சியகம். சீட்டு வாங்கும் இடத்தில் ரொக்கம் வாங்கமாட்டார்களாம், அட்டை மட்டும்தான். என் அட்டை மறுக்கப்பட்டது. அத்தானின் அட்டையும் மறுக்கப்பட்டது. வரிசையில் பின்னால் நின்ற ஒரு கல்லூரிப் பெண், ஒரு வார்த்தை பேசாமல் தன் அட்டையைத் தேய்த்து எங்களுக்கும் சீட்டு வாங்கினாள். ரொக்கமாகக் கொடுத்தபோது இருபது பவுண்டு அதிகமாக வைத்தேன். பையைத் துழாவிச் சில்லறை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

1997-ல் திறந்த அருங்காட்சியகம் இது. யுனெஸ்கோ கூட இருந்து கட்டியது. உள்ளே போனதும் புரிகிறது, நாளை முதல் நாம் பார்க்கப்போகும் தண்ணீருக்கு அடியில் நூபியா என்ற ஒரு நாடே இருக்கிறது என்று. அஸ்வானில் உயர் அணை கட்டினால் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நீளத்துக்கு நைல் பள்ளத்தாக்கு மூழ்கும் என்று தெரிந்ததும், 1959-ல் எகிப்தும் சூடானும் யுனெஸ்கோவிடம் கை நீட்டின. 1960 மார்ச் 8-ல் யுனெஸ்கோ உலகத்தையே கூப்பிட்டது. பல நாட்டுக் குழுக்கள் வந்து தோண்டின. இந்தியாவிலிருந்தும் வந்தார்கள். 1961-62-ல் பி.பி.லால் தலைமையில் நம் தொல்லியல் துறைக் குழு அஃபியே, துமாஸ் என்ற இடங்களில் வேலை செய்தது. அந்த இடங்களும் இப்போது அணையின் ஏரிக்குள்.

ஒரு கண்ணாடிப் பெட்டியில் கறுப்பும் சிவப்புமாக ஒரு பானை. வாய்ப்பக்கம் கறுப்பு, அடிப்பக்கம் சிவப்பு. ஆதிச்சநல்லூர்ப் பானைகளைப் பார்த்தவர்கள் ஒரு நொடி நின்றுவிடுவார்கள். லாலும் நின்றிருக்கிறார். நூபியப் பானைகளுக்கும் தென்னிந்தியப் பெருங்கற்காலப் பானைகளுக்கும் உள்ள ஒற்றுமையை எழுதியிருக்கிறார். நடுவில் ஒரு கடலும் பல நூறு ஆண்டுகளும் கிடக்கின்றன, இதை வைத்து யாரும் பூர்வ உறவு கொண்டாட வேண்டாம். கவிழ்த்துச் சுட்டால் காற்றுப்படாத வாய் கறுக்கும், பட்ட இடம் சிவக்கும், அவ்வளவுதான் என்று அத்தான் முடித்துவிட்டார்.

அக்டோபர் 14, செவ்வாய்: இரண்டு அணைகள், ஒரு தீவு

அஸ்வான் உயர் அணையைப் பார்த்து ஏமாறாத சுற்றுலாப் பயணி இருக்கமாட்டார். மேட்டூர் மாதிரிச் சுவரும் மதகும் வெள்ளை நுரையும் எதிர்பார்த்துப் போனால், ஒரு நெடுஞ்சாலையின் நடுவே இறக்கிவிடுகிறார்கள். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் எங்கோ கீழே ஆறு. எங்களோடு நின்ற ஒரு ஐரோப்பியக் குடும்பம் நாலு படம் எடுத்துவிட்டு வண்டிக்குப் போய்விட்டது.

அத்தான் மட்டும் நகரவே இல்லை. இது சுவர் அல்ல, மலை. பாறையும் மணலும் களிமண்ணும் கொட்டி எழுப்பியது. உயரம் 111 மீட்டர், நீளம் 3,830 மீட்டர், அடித்தளத்தில் அகலம் 980 மீட்டர். "அடியில ஒரு கிலோமீட்டர் மாப்ளே! இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் நடந்தா கால் மணி நேரம்" என்றார். அப்புறம் கைப்பேசியில் கணக்குப் போட்டு, ஏரி நிரம்பினால் ஐம்பது அறுபது மேட்டூர் பிடிக்கும் என்றார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் இவர் கணக்குப் போடுவதையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறியாளர் என்று சொன்னதும் சட்டைப் பையிலிருந்து பூசணி விதை எடுத்து நீட்டினார். மூன்று பேரும் தோலை உரித்துத் துப்பிக்கொண்டு ஏரியைப் பார்த்தோம்.

இந்த அணைக்குக் காசு வந்த கதையை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். 1955 டிசம்பரில் அமெரிக்காவும் பிரிட்டனும் உலக வங்கியும் தருவதாகச் சொன்னார்கள். 1956 ஜூலை 19-ல் அமெரிக்கா பின்வாங்கியது, பிரிட்டனும் கூடவே. ஒரே வாரத்தில், ஜூலை 26-ல், எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். கால்வாய் வசூலில் அணை கட்டுவேன் என்றார். போர் வந்தது. 1958-ல் சோவியத் யூனியன் கடன் கொடுத்தது, ஆட்களையும் இயந்திரங்களையும் அனுப்பியது. 1960 ஜனவரியில் வேலை ஆரம்பித்து 1970-ல் முடிந்தது. அணையருகே தாமரை இதழ்கள் மாதிரி ஒரு பெரிய நினைவுத்தூண் நிற்கிறது, எகிப்து-சோவியத் நட்புக்கு. அந்த நட்பு தூண் அளவுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. 1972-ல் அடுத்த அதிபர் சாதாத் சோவியத் ராணுவ ஆலோசகர்களை ஊருக்கு அனுப்பிவிட்டார். பன்னிரண்டு சோவியத் டர்பைன்களின் சுழலிகளில் விரிசல் கண்டபோது, அவற்றை மாற்ற 1980-களில் பணம் கொடுத்தது யார் தெரியுமா? 1956-ல் கைவிரித்த அதே அமெரிக்கா.

அணை நல்லதா கெட்டதா என்று கேட்டால் அத்தானுக்குச் சந்தேகமே இல்லை. 1980-களில் எத்தியோப்பியாவில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது எகிப்து தப்பித்தது இந்த ஏரியில் நின்ற தண்ணீரால்தான். 2,100 மெகாவாட் மின்சாரம் வேறு. ஆனால் வண்டல் ஏரியிலேயே தங்கிவிட்டது. ஆயிரக்கணக்கான வருஷம் ஆறு ஓசியில் போட்ட உரத்தை இப்போது விவசாயி மூட்டையில் வாங்குகிறார். "அதையும் கணக்குல சேக்கணும்" என்று அவரே சொன்னார்.

ஃபிலே கோயில் பழைய அணைக்கும் புதிய அணைக்கும் நடுவே ஒரு தீவில் இருக்கிறது. படகுத்துறையில் பெரிய சத்தம். இரண்டு பேருக்கு 500 என்றார் ஒருவர், 300 என்று அவர் காது கேட்கவே இன்னொருவர். இரண்டு பேருக்கும் கைகலப்பு ஆகிவிடுமோ என்று பயந்தோம். கடைசியில் மூன்றாவதாக ஒரு பையன் 250-க்கு ஏற்றிக்கொண்டான். சண்டை போட்ட இருவரும் சிரித்தபடியே எங்கள் படகைத் தள்ளிவிட்டார்கள். தொழில்!

கோயில் தூண்களில், ஆள் உயரத்துக்கு வெகு மேலே, கறை ஒன்று கோடு போட்ட மாதிரி ஓடுகிறது. அதற்குக் கீழே கல்லின் நிறமே வேறு, வண்ணம் ஒரு பொட்டு இல்லை. அது தண்ணீர் நின்ற மட்டம். 1902-ல் பிரிட்டிஷ்காரர்கள் பழைய அணையைக் கட்டினார்கள், பிறகு இரண்டு முறை உயர்த்தினார்கள். அதிலிருந்து வருஷத்தில் பெரும்பகுதி கோயில் தண்ணீரில் நின்றது. தூண்களுக்கு நடுவே படகு விட்டுப் பார்த்தார்கள் அந்தக் காலத்துச் சுற்றுலாக்காரர்கள். புதிய அணை வந்ததும், சுற்றிலும் எஃகுத் தடுப்பை இறக்கித் தண்ணீரை இறைத்து, கோயிலைக் கழற்றி, பக்கத்துத் தீவான அகில்கியாவில் 1980-ல் மறுபடி நிறுத்தினார்கள். அந்தத் தீவையும் பழைய தீவின் சாயலுக்கு வெட்டித் திருத்தினார்கள். இதற்கான காசில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1972-ல் லண்டனில் எகிப்திய மன்னன் துட்டன்காமனின் பொருட்கள் காட்சிக்கு வந்தன. பதினாறு லட்சம் பேருக்கு மேல் வரிசையில் நின்று பார்த்தார்கள். அந்த லாபம் ஃபிலேவுக்கு வந்தது. தாத்தாக்கள் மூழ்கடித்த கோயிலைப் பேரப்பிள்ளைகள் சீட்டு வாங்கிக் கரையேற்றியிருக்கிறார்கள்.

அத்தானின் தொப்பி திரும்பும் வழியில் ஆற்றில் போனது. பையன் படகைத் திருப்பிப் போய் எடுத்துக் கொடுத்தான். அதற்கு 20 பவுண்டு கேட்டு வாங்கினான்.

அக்டோபர் 15, புதன்: அபு சிம்பெல்

அதிகாலை நாலரைக்கு வண்டி. விடுதியில் அட்டைப் பெட்டியில் கட்டிக்கொடுத்த காலை உணவு: இரண்டு ரொட்டி, ஒரு அவித்த முட்டை, அத்திப்பழ ஜாம், எதிலும் சேராத ஒரு துண்டு கேக். 280 கிலோமீட்டர் பாலைவனம். விடிந்தபோது இரு பக்கமும் மணல், நடுவில் திடீரென்று வட்ட வட்டமாகப் பச்சை. தோஷ்கா. நாசர் ஏரித் தண்ணீரைப் பம்பு வைத்து ஏற்றிப் பாலையில் கோதுமை போடும் திட்டம். கால்வாய்க்கு அபுதாபி ஆட்சியாளராக இருந்த ஷேக் சயீத் பெயர், ஏனென்றால் அபுதாபி பணம் கொடுத்தது. இந்த ஊரில் எந்தத் தண்ணீரைத் தொட்டாலும் ஒரு வெளிநாட்டுப் பெயர் வருகிறது.

கோயிலுக்கு முதலில் முதுகுப்பக்கமாகத்தான் போகிறோம். வெறும் மண்மேடு. சுற்றிக்கொண்டு ஏரிப்பக்கம் வந்து திரும்பினால், இருபது மீட்டர் உயரத்தில் நான்கு ராம்சேஸ், பழைய எகிப்து மன்னனின் சிலைகள். படத்தில் ஆயிரம் முறை பார்த்ததுதான், இருந்தாலும் வாய் பிளந்துதான் போனது.

எனக்கு வேறொன்று பார்க்கவேண்டியிருந்தது. வெட்டுத் தழும்பு. 1964-லிருந்து 1968 வரை, ஏறிவரும் தண்ணீரை ஒரு தற்காலிக அணையால் தடுத்து நிறுத்திக்கொண்டு, இந்த மலைக்கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்தார்கள். ஒவ்வொரு துண்டும் இருபது முப்பது டன் வரை. 65 மீட்டர் மேலே, 200 மீட்டர் பின்னால் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முகப்பில் ரம்பம் அறுக்கும் தடிமன் சில மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று கட்டளை. இத்தாலியிலிருந்து சலவைக்கல் அறுப்பவர்களைக் கூட்டிவந்தார்கள். திட்டம் போட்டது ஸ்வீடன்காரர்கள். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்வீடன், எகிப்து நிறுவனங்கள் சேர்ந்து செய்தன. அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு சிலையின் முழங்கால் பக்கம் தேடினார். "தோ, இங்க ஒரு கோடு" என்று காட்டியபோது எனக்கும் தெரிந்தது. காதருகே ஒன்று, மார்பில் ஒன்று. தேடாதவர்களுக்குத் தெரியாது.

இரண்டாவது சிலைக்கு இடுப்புக்கு மேல் இல்லை. பழங்காலத்திலேயே பூகம்பத்தில் விழுந்தது. தலையும் தோளும் காலடியில் கிடக்கின்றன. இடம் மாற்றியவர்கள் அதைத் தூக்கி ஒட்டவில்லை. கீழே எப்படிக் கிடந்ததோ அதே கோணத்தில், அதே இடைவெளியில் இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். விழுந்து கிடப்பதையும் அளவெடுத்து மாற்றியிருக்கிறார்கள்! அங்கேதான் நான் அதிக நேரம் நின்றேன்.

மேலே இருப்பது மலையும் அல்ல. கான்கிரீட் கவிகைமாடம், அதன்மேல் கல்லும் மண்ணும். செலவு அன்றைய கணக்கில் நாலு கோடி டாலர். பாதிக்குப் பாதி சுமார் ஐம்பது நாடுகள் கொடுத்தன. அமெரிக்கா கொடுத்ததில் ஒரு சூட்சுமம் உண்டு. எகிப்துக்குக் கோதுமை விற்று, விலையை எகிப்தியப் பணமாகவே வாங்கிக் குவித்து வைத்திருந்தார்கள், அதிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். நம் ஊரில் பி.எல்.480 என்ற அமெரிக்க உதவிக் கோதுமை தின்று வளர்ந்தவர்களுக்கு இந்த வழி புரியும். உதவியவர்களுக்கு எகிப்து கோயில்களையே பரிசாகக் கொடுத்தது. தெபோத் மத்ரீதுக்கு, தெந்தூர் நியூயார்க்குக்கு, தாஃபா நெதர்லாந்தின் லெய்டனுக்கு, எல்லெசியா தூரினுக்கு, கலாப்ஷாவின் ஒரு வாசல் பெர்லினுக்கு.

இதையெல்லாம் கேலியாகச் சொல்லவில்லை. செய்தது பெரிய காரியம், அடுத்த நூற்றாண்டுக்காரனும் இதைப் பார்த்து வாய் பிளப்பான். ஆனால் வண்டியை ஓட்டிவந்த டிரைவர் நூபியர். திரும்பும் வழியில் ஏ.சி. செத்துவிட்டது, சன்னலைத் திறந்தால் அடுப்படிக் காற்று. பேசிக்கொண்டு வந்தால் வெயில் தெரியாது என்று அவரே ஆரம்பித்தார். "கல்லுக்கு ஐம்பது நாடு வந்தது. எங்கள் பாட்டியைத் தூக்க ஒரு கப்பல் வந்தது, அதிலும் ஆட்டுக்கு இடம் இல்லை" என்றார். வெள்ளிக்கிழமை தன் ஊருக்குச் சாப்பிட வரச் சொன்னார். சும்மா உபசாரத்துக்குச் சொல்கிறாரோ என்று நினைத்தோம். இறங்கும்போது நேரம் குறித்துக்கொண்டுதான் விட்டார்.

அக்டோபர் 16, வியாழன்: ஓய்வு

அத்தானுக்கு வயிறு சரியில்லை. அந்தக் கேக்தான் என்பது என் சந்தேகம். மருந்துக்கடைக்காரர் உப்புச்சர்க்கரைப் பொட்டலம் நாலு கொடுத்தார். மாத்திரையும் கேட்டேன், "இன்று வேண்டாம், நாளையும் இருந்தால் வா" என்று திருப்பி அனுப்பினார். விற்க மறுத்த கடையை எகிப்தில் இதுதான் முதலில் பார்க்கிறேன்.

நான் மட்டும் படகில் கர்ப் சொஹைல் போய்வந்தேன். நீலமும் மஞ்சளுமாக வண்ணம் அடித்த நூபிய வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி, தொட்டியில் குட்டி முதலை. தூக்கிப் படம் எடுக்க 50 பவுண்டு. முதலைகள் இப்போது அணைக்கு மேலே ஏரியில்தான் வாழ்கின்றன, அணை தாண்டி வருவது அரிது. இங்கே தொட்டியில் இருப்பவை உல்லாசப் பயணிகளுக்காக. செம்பருத்தி இனத்துப் பூவைக் காயவைத்துப் போடும் கர்கதே குடித்தேன், சூடாக ஒன்று, குளிர்ச்சியாக ஒன்று, 30 பவுண்டு. குளிர்ச்சிதான் பிழைத்தது.

அக்டோபர் 17, வெள்ளி: நஸ்ர் அன்-நூபா, கோம் ஓம்போ

ஜும்மா தொழுகை முடிந்து டிரைவர் வந்து அழைத்துப் போனார். அஸ்வானுக்கு வடக்கே ஒரு மணி நேரம். வழியெல்லாம் கரும்பு. பார்க்கும்போது கும்பகோணம் சாலையில் போகிற நினைப்பு வந்தது, பேரீச்சை மரம்தான் கலைத்தது.

நஸ்ர் அன்-நூபாவில் ஆறு இல்லை. அதுதான் முதலில் உறைக்கும். வீட்டு வாசலில் நைல் ஓடிய சனங்களை, ஆற்றிலிருந்து தள்ளி, கரும்புக்காட்டுக்குப் பக்கத்தில் வரிசை வரிசையாக வைத்திருக்கிறார்கள். 1963 அக்டோபரிலிருந்து 1964 ஜூன் வரை எகிப்துப் பக்கம் மட்டும் ஐம்பதாயிரம் பேரைப் பெயர்த்தார்கள். சூடான் பக்கம் வாதி ஹல்ஃபாவிலிருந்து அதே அளவு பேரை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி கஷ்ம் அல்-கிர்பாவுக்கு அனுப்பினார்கள். இங்கே கிராமங்களுக்குப் பழைய பெயர்களையே வைத்தார்கள். ஆனால் வீட்டை எத்தனை அறை என்று பார்த்துப் பங்கிட்டதால், ஒரு வாசலில் இருந்த அண்ணன் தம்பி வேறு வேறு தெருவுக்குப் போனார்கள்.

டிரைவரின் அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. அவர் நூபிய மொழியில் சொல்ல, மகன் ஆங்கிலத்தில் சொன்னார். வீட்டைக் கழுவிப் பெருக்கிப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்களாம். மூழ்கப்போகிற வீடு என்று தெரிந்தும். கப்பலில் ஏறுமுன் ஆண்கள் எல்லோரும் இடுகாட்டுக்குப் போய்வந்தார்கள். வந்து சேர்ந்த இடத்தில் பாதி வீடுகளுக்குக் கூரை முடியவில்லை. தண்ணீர்க் குழாய் ஒன்றுக்குப் பல வீடு. அந்த முதல் கோடையில் கைக்குழந்தைகளும் கிழவர்களும் நிறையப் பேர் செத்தார்கள். அவருடைய தம்பியும். அதைச் சொல்லும்போது குரல் மாறவே இல்லை, எங்களுக்குத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

அத்தான் அவர் பாணியில் கேட்டார்: "பேரீச்சை மரத்துக்கு நஷ்டஈடு என்ன கொடுத்தாங்க?" அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். சில்லறை என்று விரலைத் தேய்த்துக் காட்டினார். ஒரு மரத்தில் மூன்று குடும்பத்துக்குப் பங்கு இருக்கும்: கன்று நட்டவருக்கு ஒன்று, தண்ணீர் விட்டவருக்கு ஒன்று, நிலத்துக்காரருக்கு ஒன்று. எழுத வந்த அதிகாரிக்கு அது புரியவே இல்லையாம். "நம்ம ஊர்லயும் புரியாது" என்றார் அத்தான்.

சாப்பாடு சொல்லாமல் விடக்கூடாது. வெண்டைக்காய் ஆட்டிறைச்சியோடு மண்சட்டியில் வெந்து வந்தது. பொரித்த ஜிலேபி மீன், முலூக்கியா என்ற வழவழக் கீரைக் குழம்பு, சேமியா வறுத்துப் போட்ட சோறு. அத்தானின் வயிற்றுக்கென்று தனியாகத் தயிரும் வெறும் சோறும், யாரும் கேட்காமலே. முடிவில் ஜபனா, இஞ்சி போட்டுக் காய்ச்சிய காப்பி. மூக்கு வழியே ஏறியது.

2014-ல் எழுதிய எகிப்தின் அரசியல் சட்டத்தில் 236-வது பிரிவு, நூபியர்களைப் பத்து ஆண்டுகளுக்குள் பழைய பகுதிகளுக்குத் திரும்பக் கொண்டுவரத் திட்டங்கள் போடப்படும் என்கிறது. பத்து ஆண்டு 2024-ல் முடிந்தது. டிரைவரின் சித்தப்பா அந்த வரியை அரபியில் மனப்பாடமாகச் சொன்னார்.

நாலு மணிக்கு மேல் கோம் ஓம்போ கோயில். முதலைத் தெய்வம் சோபெக்குக்குப் பாதி, பருந்துத் தெய்வம் ஹோரசுக்குப் பாதி. பதப்படுத்திய முதலைகளை ஒரு தனி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அத்தான் தெய்வங்களை விட்டுவிட்டுச் சுவரின் அடிப்பக்கம் குனிந்துவிட்டார். மணற்கல் செதில் செதிலாக உரிந்து, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்த தடம்.

அவர் சொன்ன விளக்கம் இது. முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு வெள்ளம், பிறகு ஆறு இறங்கும், நிலத்தடி நீரும் கூடவே இறங்கும், மண் காயும். உயர் அணை வந்ததும் வருஷம் முழுக்கப் பாசனம். கரும்புக்கு விட்ட தண்ணீர் கீழே இறங்கி வடியாமல் நின்று, கோயில் அஸ்திவாரம் வழியாக ஏறுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும், கொண்டுவந்த உப்பு கல்லுக்குள் தங்கிப் படிகமாகி உள்ளிருந்தே உடைக்கும். அதை நிறுத்த, கோயிலைச் சுற்றிக் கிணறு போட்டு நிலத்தடி நீரை இறைக்கும் ஏற்பாடு 2019-ல் முடிந்தது. பணம் அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்டினுடையது. லக்சோரிலும் இதே வேலைக்கு அவர்கள் கொடுத்திருக்கிறார்கள். சோவியத் கடனில் கட்டிய அணையால் ஏறிய தண்ணீரை அமெரிக்க மானியப் பம்பு இறைக்கிறது. அந்தப் பம்பு ஓடும் மின்சாரத்தில் அணையின் பங்கும் இருக்கும். யுஎஸ்எய்டோ, 2025 ஜூலையோடு இல்லை. வாஷிங்டனில் மூடிவிட்டார்கள்.

"கொடுக்கறவன் அறுபது வருஷத்துல எத்தன பேர் மாறிட்டான் பாத்தியா, தண்ணி மட்டும் ஏறிக்கிட்டேதான் இருக்கும்" என்றார் அத்தான். வெளிநாட்டு நிதியில் நடந்த மதகு வேலைகளில் ஊறியவர். திறப்பு விழாவுக்கு வரும் கூட்டம் கிரீஸ் போடும் நாளில் வராது என்பது அவருடைய பழைய புலம்பல். பம்பு அறையைப் பார்க்கவேண்டும் என்று காவலாளியிடம் சைகையில் கேட்டார். அவர் முதலில் முடியாது என்றார், பிறகு ஐம்பது பவுண்டுக்கு முடியும் என்றார், கூட்டிப்போனால் அறை பூட்டியிருந்தது. சாவி இவரிடம் இல்லையாம். கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். ஐம்பதைத் திருப்பித் தரவில்லை.

ஆறு மணிக்கு உல்லாசக் கப்பல்கள் கரை சேர்ந்தன. ஒரே நேரத்தில் முந்நூறு நானூறு பேர் இறங்கி, கோயிலைச் சுற்றிவந்து, ஏழரைக்குள் ஏறிவிட்டார்கள். நஸ்ர் அன்-நூபா வண்டியில் கொஞ்ச தூரம்தான். அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை, கையேடுகளில் அந்த ஊர் இல்லை என்றார் டிரைவர். தன் வீட்டில் இரண்டு அறையை விருந்தினருக்குத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்குச் சம்மதம். சித்தப்பாதான் ஒப்பவில்லை: "கர்ப் சொஹைல் முதலை மாதிரி நம்மைத் தொட்டியில் வைத்துப் படம் எடுப்பார்கள்."

"ஒரு ராத்திரிக்கு எவ்வளவு வாங்குவீங்க?" என்று அத்தான் கேட்டார். மதியச் சாப்பாட்டோடு 900 பவுண்டு என்று நினைத்திருக்கிறாராம். இரண்டு பேருக்கு அது குறைச்சல், 1,200 வாங்குங்கள், வெண்டைக்காய்ச் சட்டிக்கே தனியாக வாங்கலாம் என்று அத்தான் சொல்ல, இருவரும் ரயிலடி வரும்வரை அதே பேரத்தில் இருந்தார்கள். இன்றைய சாப்பாட்டுக்கு நாங்கள் நீட்டிய பணத்தை மட்டும் அவர் தொடவில்லை.